302-ஐக் குறைக்க உயர் நீதிமன்றமும் மறுத்தால்

செஷன்ஸ் நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 302-இல், அதாவது கொலைக்கு, ஆயுள் தண்டனை கொடுத்தது. திடீர்ச் சண்டையில் நடந்தது, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாக, 304 ஆகக் குறையுங்கள் என்று கேட்ட மேல்முறையீட்டை உயர் நீதிமன்றமும் தள்ளிவிட்டது. அடுத்தது உச்ச நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின் கீழ் சிறப்பு அனுமதி மனு, அதாவது எஸ்.எல்.பி. அதே உயர் நீதிமன்றத்தில் இன்னொரு மனு போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் மாற்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் 362 (2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., 403) விடாது. அந்த அலைச்சலில் கெடு ஓடிவிடும்.

கெடு 90 நாள். மரண தண்டனை வழக்கென்றால் 60. சான்றிட்ட நகல் தயாராக ஆகும் நாட்கள் இதில் கழிக்கப்படும். ஆனால் நகலுக்கு விண்ணப்பிக்காமல் சும்மா இருந்த நாட்கள் கழியாது. ஜாமீனில் வெளியே இருப்பவர் சரணடைந்ததற்கான சான்றையோ, சரணடைவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவையோ சேர்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மனு பதிவே ஆகாது.

இனி வாதம். சாட்சிகள் பொய் என்பதை இரண்டு நீதிமன்றங்கள் ஏற்காத பிறகு உச்ச நீதிமன்றத்தில் அதையே முதலில் நீட்டி முழக்குவது வீண். சம்பவத்தை ஒப்புக்கொண்டு, கொல்லும் நோக்கம் இல்லை என்பதில் நிற்பதே மேல். 'ஒரே குத்துதான், அதனால் 304' என்ற வாதம் மட்டும் போதாது. 1958-இல் வந்த விர்சா சிங் தீர்ப்பே ஒற்றை ஈட்டிக் குத்து வழக்குதான். அந்தக் காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்து, இயல்பான போக்கில் மரணத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தால் கொலைதான் என்று 302 அதில் உறுதியானது. 2006-இன் புலிசெர்லா நாகராஜு தீர்ப்பு எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது: ஆயுதம் கொண்டு வந்ததா, அங்கே கிடந்ததா, உயிர்நிலையில் பட்டதா, எவ்வளவு வேகம், முன்பகை உண்டா, சண்டை திடீரென்று மூண்டதா. ஒவ்வொன்றுக்கும் சாட்சியத்திலிருந்து ஒரு வரி எடுத்து மனுவில் வைக்க வேண்டும். 300-இன் நான்காம் விதிவிலக்கை, அதாவது முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டை என்பதைக் கேட்பவர், அநியாய அனுகூலம் எடுக்கவில்லை, கொடூரமாக நடக்கவில்லை என்பதையும் காட்டியாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சிகிச்சை சரியில்லாமல் இறந்தார் என்ற வாதத்துக்கு 299-இன் இரண்டாம் விளக்கம் குறுக்கே நிற்கும்: நல்ல சிகிச்சையால் பிழைத்திருக்கலாம் என்றாலும், காயப்படுத்தியவரே மரணத்துக்குக் காரணம். அதைவிட, காயம் மரணத்துக்குப் போதுமானது என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சொல்லவே இல்லை என்றால், அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

தமிழகக் கீழமை நீதிமன்றச் சாட்சியம் பெரும்பாலும் தமிழில் இருக்கும். டெல்லிக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். கதிர் அறுக்கும் அரிவாள் வேறு, வெட்டரிவாள் வேறு. மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டால், வயலில் கையில் இருந்த கருவி, கொல்ல எடுத்து வந்த ஆயுதமாகிவிடும். 'அடித்தான்', 'வெட்டினான்', 'கீறினான்' எல்லாம் அப்படித்தான். மூலத்தோடு ஒப்பிட்டு வழக்கறிஞரே சரிபார்க்க வேண்டும்.

முதல் விசாரணையில் பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கும். குற்றத்தின் தன்மை குறித்து மட்டும் என்று வரையறுத்து நோட்டீஸ் போகலாம். அது தோல்வி இல்லை. இந்த வழக்குக்கு வேண்டியதே அதுதான். 304-இன் முதல் பகுதியில் ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை, இரண்டாம் பகுதியில் அதிகபட்சம் 10 ஆண்டு. ஏற்கெனவே அனுபவித்த காலமே தண்டனை என்று முடிக்கவும் முடியும். 302 ஆயுளோ, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 433ஏ-யின்படி (இப்போது பி.என்.எஸ்.எஸ். 475) 14 ஆண்டு முடியாமல் தண்டனைக் குறைப்பில் விடுதலை கிடையாது.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 (பழைய 302), 105 (பழைய 304) பொருந்தும். 105-இல் நோக்கத்தோடு செய்ததற்கு, ஆயுள் இல்லையென்றால் 5 ஆண்டு குறைந்தபட்சம் உண்டு என்பதைக் கவனிக்கவும்.

பணமில்லாதவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை. வருமானச் சான்று கேட்க முடியாது.