ஸ்கேன் வந்தது, ரத்தப் பரிசோதனை விவரம் வரவில்லை

பல நாட்டு மையங்களின் மூளை எம்.ஆர்.ஐ. தரவுகளைச் சேர்த்து, எச்.ஐ.வி. மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. ஆற்றாமை மட்டும் தீரவில்லை.

படங்களால் தொல்லை இல்லை. எல்லா மையங்களும் மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் ஒரே பதிப்பில் கணக்கிட்டு, மூளைப் பகுதிகளின் கன அளவுகளை மட்டும் அட்டவணையாக அனுப்பிவிட்டன.

இழுத்தடித்தது ரத்தப் பரிசோதனை விவரம்தான். ஒரு மையத்தின் அட்டவணையில் வைரஸ் அளவுப் பத்தி முழுக்க ‘0’. வைரஸே இல்லையா, கருவிக்கு எட்டவில்லையா? பழைய கருவிகள் சிலவற்றில் மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 400 வைரஸ் பிரதிகளுக்குக் கீழே போனால் தெரியாது. பின்னால் வந்தவை 50, 40 வரை இறங்கிவிட்டன. 200 பிரதிகள் உள்ளவர் ஓர் ஊரில் ‘கண்டறியப்படவில்லை’, இன்னோர் ஊரில் ‘கண்டறியப்பட்டது’.

எந்தக் கருவி என்று கேட்டதற்கு, ‘தரவுப் பகிர்வு ஒப்பந்தத்தில் அந்த விவரம் இல்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார் தரவு அலுவலர். அதற்காகவே ஒப்பந்தத்தைத் திருத்தி, கையெழுத்துகளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் அங்குள்ள ஆய்வகப் பணியாளர் ஒருவர் பழைய பதிவேட்டைப் புரட்டி, கருவி மாறிய தேதியையே எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பல நாட்டு மூளைப் படங்களைச் சேர்த்து ஆராயும் எனிக்மா கூட்டமைப்பின் ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. அது 13 ஆய்வுகளிலிருந்து எச்.ஐ.வி. உள்ள 1,203 பேரின் தரவைச் சேர்த்தது. ரத்தத்தில் வைரஸ் தென்பட்டவர்களுக்கு நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸும் உணர்ச்சிகளுக்கான அமிக்டலாவும் சிறுத்திருந்தன என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ‘தென்பட்டது’ என்பதன் எல்லை மையத்துக்கு மையம் வேறானால், இப்படிப்பட்ட முடிவை எதை நம்பிச் சொல்வது?

இன்னொரு மையத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மட்டுமே, ஒப்பிட ஆரோக்கியமானவர் ஒருவர்கூட இல்லை. ‘காம்பேட் போட்டால் சரியாகிவிடும்’ என்றார்கள்; ஸ்கேனருக்கு ஸ்கேனர் வரும் வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கும் முறை அது. ஆகாது. அங்கே ஸ்கேனரின் சாயலையும் நோயின் சாயலையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. அந்தத் தரவைத் தொற்று உள்ளவர்களுக்குள் சிடி4 (எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கையை ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒப்பந்தம் எழுதும்போதே கருவியின் பெயர், அதன் எல்லை, ரத்தம் எடுத்த தேதி மூன்றையும் சேர்த்துவிடுங்கள். ‘மிகக் குறைந்த சிடி4’, அதாவது அவருக்கு இதுவரை இருந்ததிலேயே குறைந்த எண்ணிக்கை, என்று ஒரு பத்தி இருந்தால், அது மருத்துவப் பதிவிலிருந்து வந்ததா, நோயாளி நினைவிலிருந்து சொன்னதா என்று கேளுங்கள். 03/04 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்.