பூவரசம் பூவைத் துணியில் செய்தல்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்த அலங்காரப் பொருட்கடைக்குச் சென்றாலும், சிறுமிகளின் சட்டைகளிலும் தலைப்பட்டிகளிலும் கைப்பைகளிலும் தைத்திருக்கும் துணிப்பூக்கள் பெரும்பாலும் ரோசாப்பூக்களாகவே இருக்கின்றன. நாடாவைச் சுருட்டி அடியில் இரண்டு தையல் போட்டால் ரோசா வந்துவிடுகிறது. காணொளிகளிலும் முதலில் அதைத்தான் கற்றுத்தருகிறார்கள். ரோசாவின் மீது எனக்கு வெறுப்பு ஏதுமில்லை. ஆனால் வேலியில் பூவரசும், வெயில் காலத்தில் கொன்றையும், மாரியில் பற்றைகளுக்குள் கார்த்திகைப்பூவும் பூக்கிற மண்ணில் இருந்துகொண்டு, நம்முடைய உடுப்புகளில் அவற்றுள் ஒன்றுகூட இடம்பெறாதிருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பக்கத்தில் பூக்கும் பூவைப் பறித்து, இதழ்களைப் பிரித்து, ஒன்றின் மீது ஒன்று எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்துச் செய்யும்போதுதான் கை உண்மையாகத் தேறுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

துணிக்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தையற்கடைகளில் கழிக்கும் வெட்டுத்துண்டுகளே போதும். கேட்டால் பை நிறையத் தருவார்கள். அவற்றில் எது பருத்தி, எது பொலியெஸ்டர் என்று தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது என்பதால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி மெழுகுதிரிச் சுடரில் காட்டிப் பார்க்க வேண்டும். பருத்தி நூல் கடதாசி எரிவதுபோன்ற மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான சிறு மணியாக இறுகும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் பருத்திக்குக் கஞ்சிதான் உருவம் கொடுக்கும், பொலியெஸ்டருக்கு நெருப்புத்தான் கொடுக்கும். மாற்றிச் செய்தால் துணி வீணாகும்.

பூவரசம் பூவுக்கு மெல்லிய பருத்திதான் ஏற்றது. வெளிர்மஞ்சள் துணியைக் கழுவி, வடித்த சோற்றுக் கஞ்சியைச் சிறிது தண்ணீர் கலந்து கட்டியில்லாமல் வடிகட்டி, அதில் தோய்த்து, முறுக்காமல் பிழிந்து நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் துணி திட்டுத்திட்டாக விறைத்துவிடுகிறது. உலர்ந்த துணியை மின்னழுத்தியால் தேய்த்த பிறகு, இதழின் நடுக்கோடு நூலோட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் அமையும்படி மாதிரிக் கடதாசியை வைத்து வெட்ட வேண்டும். இது தையற்காரர்கள் கழுத்துப்பட்டிக்குப் பட்டை வெட்டும் அதே குறுக்கு வெட்டுத்தான். நெசவுக்கு நேராக வெட்டிய இதழின் விளிம்பில் நூல் பிரிந்து கொட்டும். சாய்வாக வெட்டிய விளிம்பில் நூல் எளிதில் பிரியாது, விரலால் இழுத்தால் இழுபட்டு மெல்லிய அலையாகவும் நிற்கும். துணிப்பூ கலைந்துபோகிறது என்று முறையிடுபவர்களில் பெரும்பாலானோர் நேராக வெட்டியவர்கள்.

பூவரசம் பூவுக்கு இதழ் ஐந்து. ஒவ்வொன்றும் அடியில் ஒடுங்கி மேலே விசிறிபோல் விரிந்திருக்கும். மேற்புறத்தில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலம் வைத்தால் சட்டையின் தோளில் வைக்கத் தக்க அளவு கிடைக்கும். ஐந்து இதழ்களும் ஒரே திசையில், முதலாவதன் ஓரம் இரண்டாவதன் மீதும் இரண்டாவதன் ஓரம் மூன்றாவதன் மீதும் படிந்து, கடைசி இதழின் ஓரம் சுற்றி வந்து முதலாவதன் மேல் ஏறிநிற்கும் ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. இந்தச் சுற்றொழுங்கைத் தவறவிட்டால் பூ தட்டையாக விரிந்து, பூவரசின் மணி வடிவம் போய்விடுகிறது. தைப்பதற்கு முன்னர், ஒரு கரண்டியின் முதுகைச் சூடாக்கி, மெத்தென்ற துணி மடிப்பின் மேல் வைத்த இதழின் நடுவில் அழுத்தினால், கஞ்சி ஏறிய பருத்தி குழிந்து அப்படியே நிற்கும். பூத்தொழில் நடக்கும் பட்டறைகளில் மரப்பிடி போட்ட உருண்டை இரும்புகளைச் சூடாக்கி இதே வேலையைச் செய்கிறார்கள். நமக்குக் கரண்டி போதும், ஆனால் முதலில் ஒரு வீண் துண்டில் அழுத்திச் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூவின் நடுவில் உள்ள கருஞ்சிவப்புக்குச் சிலர் பீற்றூட் சாறு பூசுகிறார்கள். அது கழுவும்போது போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கருஞ்சிவப்பு நூலால் அடியிலிருந்து மேல்நோக்கி நீளமும் குட்டையுமான நேர்த்தையல்களை நெருக்கமாக இட்டால், உண்மைப் பூவில் நிறம் கீற்றுக்கீற்றாகப் பரவுவதுபோலவே அமைகிறது. மகரந்தத் தண்டுக்கு, 2 சென்ரிமீற்றர் அகலமான மஞ்சள் துணிப்பட்டையில் பாதி அகலத்துக்கு நெடுக்கு நூல்களை உருவி விட்டு, அந்தக் குஞ்சத்தை இறுகச் சுருட்டித் தைத்தால் சரி. பூவரசம் பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவந்துவிடும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் மஞ்சளில் இரண்டும் வாடிய செம்மையில் ஒன்றுமாகச் செய்து சேர்த்து வைத்தால், ஒரே மரத்துப் பூக்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். என் கைவேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சேர்க்கைதான்.

கார்த்திகைப்பூ இதற்கு நேர்மாறான வேலை. ஆறு ஒடுங்கிய இதழ்கள், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, ஓரம் நெளிந்து, பின்புறமாக மடிந்து மேல்நோக்கி நிற்கின்றன. அந்த நெளிவைப் பொலியெஸ்டர் சற்றின் மட்டுமே தரும். மஞ்சள் சற்றினில் நுனியிலிருந்து பாதி வரை சிவப்புத் துணிவர்ணம் பூசி, நன்றாக உலரவிட்டு, இதழின் ஓரத்தைச் சுடரின் பக்கத்தில், சுடரில் படாமல், மெதுவாக நகர்த்த வேண்டும். சுடரின் உச்சியில் பிடித்தால் கரி படியும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும், சிறுவர்களிடம் கொடுக்கவே கூடாது. செடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருப்பதால் உண்மைப் பூவைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்க முடியாது. துணியில் செய்ததை அவர்கள் தலையிலேயே வைக்கலாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை பெறும் முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டையும் பூமுடியும் தைக்கிற குடும்பங்கள் மன்னார்ப் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அந்த முடிக்கு நான் சொல்லக்கூடியது யப்பானிய முறை. எடோ காலத்திலிருந்து அங்கே மெல்லிய பட்டுத்துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி, இடுக்கியால் மடித்து, அரிசிப் பசையால் ஒட்டிக் கூந்தல் அணிகள் செய்துவருகிறார்கள். வட்ட இதழ், கூர் இதழ் என்ற இரண்டு மடிப்புகள் கைவந்தால் அதில் எந்தப் பூவையும் அடுக்கலாம். நெல் விளையும் வன்னியில் அரிசிப் பசைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பட்டால் அது விடும் என்பதால், கழுவும் உடுப்பில் வைப்பதற்கு மடிப்புகளை நூலால் கட்டிவிட வேண்டும்.

துணிப்பூ உலகில் பெரிய காரியங்களுக்கும் பயன்பட்டிருக்கிறது. முதலாம் உலகப் போருக்குப் பின், அனா கெரன் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் முயற்சியால், போரில் சீரழிந்த பகுதிகளின் பெண்கள் துணியில் பொப்பிப் பூக்கள் செய்தார்கள். 1921 இல் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் பிரித்தானியாவின் முதலாவது பொப்பி நாளில் அவை விற்கப்பட்டன. இலங்கையில் நவம்பர் 11 இல் அந்தப் பொப்பிக்கு எதிராக 1930களில் இளைஞர்கள் விற்ற சூரியமல் என்பது நம்முடைய பூவரசம் பூவேதான். போருக்குப் பின் தையலை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த இந்த மண்ணில், இந்த இரண்டு செய்திகளையும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

விற்பனைக்குச் செய்பவர்கள் பூவைச் சட்டையில் நேரே தைக்காமல், டெனிம் துண்டில் வெட்டிய சிறு வட்டத்தில் தைத்து, அதன் பின்னால் ஊக்குப் பொருத்திக் கொடுப்பது நல்லது. கஞ்சி ஏறிய பூ கழுவினால் குலைந்துவிடும். ஊக்கில் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுச் சட்டையைக் கழுவலாம், சாமத்திய வீட்டுக்குச் சாறியில் குத்திய அதே பூவைப் பிறகு கைப்பையிலும் குத்தலாம். சூட்டுப்பசையால் ஒட்டுவது விரைவானதுதான், ஆனால் மின்னழுத்தி பட்டால் இளகித் துணியில் கறையாகும். விலை சொல்லும்போது துணி சும்மா கிடைத்ததுதானே என்று குறைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பூவரசம் பூவுக்கு இதழ் வெட்டுவது முதல் ஊக்குத் தைப்பது வரை செல்லும் நேரத்தை ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து, அந்த நேரத்துக்கு உங்கள் ஊரில் தையற்கூலி எவ்வளவோ அதையே விலையின் அடியாக வையுங்கள். நூலும் ஊக்கும் அதற்கு மேல்.