மேல் இரண்டு விரற்கடை மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் நான் முதலில் கற்றது உரச் சிபாரிசுக்கு மாதிரி எடுக்கும் வேலை. மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து பார்க்க அது சரியான முறை. நாங்குநேரிப் பக்கம் சாலையோரத் தோட்டங்களில் கன உலோகம் பார்க்கச் சொன்னபோதும் கை அதே பழக்கத்தில்தான் வெட்டியது.

ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாமே சாதாரண மண்ணில் இருக்கும் அளவில்தான் வந்தன. எனக்கு நிம்மதி. எங்கள் கூடத்து மேடம் மட்டும், “எத்தனை ஆழம் எடுத்தீங்க?” என்றார். சொன்னேன். “தூசி மேல இருந்துதானே விழுது? அடிமண்ணையும் சேத்துக் கலந்துட்டா எப்படித் தெரியும்?”

உண்மைதான். ஈயம் மழைநீரில் கரைந்து இறங்கிவிடாது; களியையும் மட்கையும் பற்றிக்கொண்டு மேலேயே கிடக்கும். ஈய பெட்ரோல் விற்பனை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டாலும், அதற்கு முன் விழுந்தது மக்கிப் போவதில்லை. நான்குவழிச்சாலைக்கு அடித்த மண் புதிது, அதில் பழைய ஈயத்தைத் தேடிப் பயனில்லை. பழைய ரோடு கிடந்த பக்கம்தான் பார்க்க வேண்டும். துத்தநாகம் டயரிலிருந்து வருகிறது, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்ப்பது. செம்பு பிரேக் தேய்மானம். புகையே விடாத வண்டி வந்தாலும் டயர் தேயத்தான் செய்யும்.

மறுமுறை பிளாஸ்டிக் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியுமாகப் போனேன். இரும்பு வாளிக்குப் பூசும் முலாமே துத்தநாகம், அது மாதிரியைக் கெடுத்துவிடும். தார் விளிம்பிலிருந்து 1, 5, 10, 25 மீட்டரில், மேல் இரண்டு விரற்கடை மண் மட்டும். விளிம்பை ஒட்டி எண் ஏறியிருந்தது. 25 மீட்டரில் மற்ற வயல்களைப்போல் ஆகிவிட்டது.

அந்த ஏறிய இடத்தில்தான் ஓர் ஆச்சி தண்டங்கீரை போட்டிருந்தார். “எங்க கீரையில வெசம்னு சொல்ல வந்தீயளாய்யா?” என்று கேட்டார். அன்றாடம் கட்டு விற்றுச் சாப்பிடுகிறவரிடம் மில்லிகிராம் கணக்கைச் சொல்லி என்ன ஆகும்? கீரையில் ஈயம் பெரும்பாலும் இலைமேல் படியும் தூசியாக இருக்கிறது, மூன்று நான்கு தண்ணீரில் அலசினால் நிறையக் குறையும் என்றேன். காட்மியம் என்ற இன்னொரு கன உலோகம் அப்படியல்ல, வேர் வழியாக ஏறும். அதனால் கீரையைக் கிணற்றுப் பக்கம் மாற்றிவிட்டு, ரோட்டோரம் வெண்டை போடச் சொன்னேன். காய்க்கு ஏறுவது இலையைவிடக் குறைவு. தூசியை மறிக்கக் கிளுவை வேலியும்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது கிளுவை துளிர்த்திருந்தது, வெண்டையும் பூத்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அது பிசானப் பருவ நெல் அறுப்புச் சமயம். வேலிக்கு வெளியே, தார் விளிம்பிலேயே, நீளத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. லாரி போகும்போதெல்லாம் ஓரத்து மண் எழும்பி அதன்மேல் படிந்தது. நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “களம் இல்லையேய்யா, வேற எங்க காயப்போட?” என்றார்.

அந்த ஊருக்கு ஒரு நெற்களம் வேண்டும் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மேடம் அதை முதல் பக்கத்துக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.