உங்கள் வீட்டை வாங்க என்னிடம் ஒருவர் இருக்கிறார்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வீட்டு முகவராக இருக்கிறேன். அப்படியிருந்தும் என் வீட்டுத் தபால் பெட்டியிலேயே மாதத்தில் இரண்டு மூன்று கடிதமாவது வந்து விழுகிறது: "உங்கள் பகுதியில் வீடு வாங்க என்னிடம் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. விற்கும் எண்ணம் உண்டா?" எழுதியவர்களில் சிலரை எனக்கு நன்றாகத் தெரியும். கலியாண வீடுகளில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருவரிடம் நேரே கேட்டேன்: "எந்தக் குடும்பம் அண்ணை அது?" அவர் சிரித்துவிட்டு, "லிஸ்டிங் கிடைச்சால் குடும்பம் தன்ரபாட்டிலை வரும்" என்றார்.

இந்தத் தொழிலின் கணக்கு தெரிந்தவர்களுக்கு அவர் பதிலில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. வாங்க வருபவரை மாதக்கணக்கில் காரில் ஏற்றித் திரியலாம். கடைசியில் அவர் மனம் மாறலாம், மச்சானின் முகவரிடம் போய்ச் சேரலாம். விற்பவர் அப்படியல்ல. வீட்டை விற்றுத்தரும் பொறுப்பை நமக்குத் தரும் லிஸ்டிங் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தால் வீட்டு வாசலில் நம் பெயர்ப் பலகை நிற்கும். வீடு விலைபோனால் கொமிஷனும் வரும். ஆகவே வாங்குபவர் பெயரைச் சொல்லி எழுதப்படும் கடிதங்களில் முக்கால்வாசி விற்பவரைப் பிடிக்கப் போடும் தூண்டில்தான். பொய்யான விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது, அது தாளில் இருந்தாலும் இணையத்தில் இருந்தாலும். ஆனால் கடிதத்துக்குப் பின்னால் உண்மையில் ஒரு ஆள் இருக்கிறாரா என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

நானும் இப்படியான கடிதங்கள் எழுதுகிறவன்தான். வாங்குபவர் என்னோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும், வங்கியில் மோர்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், எந்தத் தெருக்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாமல் நான் தாளை எடுப்பதில்லை.

இந்தக் காலத்திலும் ஏன் கடிதம் என்று பலர் கேட்பார்கள். மற்றக் கதவுகளைச் சட்டம் மூடிவிட்டது என்பதுதான் காரணம். தன் எண்ணைப் பதிந்துவைத்தவருக்குத் தொலைபேசி எடுத்து வியாபாரம் கதைக்க முடியாதபடி 2008 இல் அழைக்கக்கூடாதோர் பட்டியல் வந்தது. மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் 2014 இல் தடுப்புச் சட்டம் வந்தது. தாளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பெட்டியில் "விளம்பரம் போடாதீர்" என்று ஒட்டியிருந்தால் முகவரி இல்லாத துண்டுப் பிரசுரங்களைத்தான் கனடா போஸ்ட் நிறுத்தும். பெயரும் முகவரியும் முத்திரையும் உள்ள கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். 2024 இல் நவம்பர் 15 இலிருந்து டிசம்பர் 17 வரை தபால் வேலைநிறுத்தம் நடந்தபோது, பழைய ஸ்காபரோத் தெருக்களில் நானே நடந்து போய்ப் பெட்டிகளில் போட்டேன். ஏஜாக்ஸ் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் அது நடக்காது. அங்கே தெருமுனையில் பூட்டுப் போட்ட பொதுப் பெட்டிதான்.

ஒரு காலத்தில் கடிதத்தில் எழுத வேறு விஷயங்களும் இருந்தன. "உங்கள் பக்கத்து வீடு இன்ன விலைக்குப் போனது" என்று எழுதினாலே பலர் அழைத்துவிடுவார்கள், ஏனென்றால் விற்ற விலை முகவர்களின் கணினிக்குள் மட்டும் இருந்தது. ரொறன்ரோ முகவர் சபைக்கும் போட்டிச் சட்ட ஆணையருக்கும் நடந்த நீண்ட வழக்கில், சபையின் மேன்முறையீட்டை எடுக்க உச்ச நீதிமன்றம் 2018 ஓகஸ்டில் மறுத்தது. அதோடு விற்ற விலைகள் எல்லாருடைய தொலைபேசிக்கும் வந்துவிட்டன. இன்றைக்கு என்னைவிட முதலில் அந்தத் தெருவில் இருக்கும் அன்ரிக்குத்தான் பக்கத்து வீட்டு விலை தெரியும். கடிதத்தில் புதிதாகச் சொல்வதற்கு வாங்குபவர் மட்டும்தான் மிச்சம். அவரும் கற்பனை என்றால் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது?

இந்தக் கடிதங்கள் மழையாகப் பெய்தது 2021 இலும் 2022 தொடக்கத்திலும். மத்திய வங்கியின் வட்டி 0.25 சதவீதத்தில் கிடந்தது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியது. வாங்க விரும்புவோர் விலை எழுதிக் கொடுக்கும் ஆஃபர் இரவுகளில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் அடிபட்டார்கள். சந்தைக்கு வராத வீட்டை முதலில் பிடிப்பவன் கெட்டிக்காரன் என்று எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதத்தில் நின்றது. அதன்பின் வாங்குபவர் குறைந்தார்கள்; குறைந்த வட்டியில் மோர்ட்கேஜ் எடுத்துவைத்திருந்தவர்களும் அதை விட்டு அசைய மனமில்லாமல் இருந்தார்கள். கடிதங்கள் மட்டும் அதே வசனங்களோடு வந்துகொண்டிருந்தன.

வாங்குபவரைப் பற்றி என்ன எழுதுவது என்பதில் என் வாடிக்கையாளர்களோடு எனக்கு அடிக்கடி இழுபறி வரும். "நல்ல தமிழ்க் குடும்பம், பிள்ளையள் படிப்பிலை கெட்டி, கோயிலுக்குக் கிட்ட இருக்க விருப்பம் எண்டு போடுங்கோவன்" என்பார்கள். படமும் தருவார்கள். நான் போடுவதில்லை. இந்த நகரத்தின் வீட்டுப் பத்திரங்களில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குச் சொல்வேன். ஈஸ்ட் யோர்க்கில் ஒரு காணியின் உறுதியில் அதை யூதர்களுக்கோ "விரும்பத்தகாத" நாட்டினருக்கோ விற்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. 1945 இல் ஒன்ராறியோ நீதிமன்றம் ஒன்று அது செல்லாது என்றது. ஹியூரன் ஏரிக்கரையில் கோடை வீடுகளுக்கு இருந்த அதேமாதிரி நிபந்தனை 1950 இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் விழுந்தது. இனத்தையும் மதத்தையும் பார்த்து வீடு கொடுக்கக்கூடாது என்று இவ்வளவு தூரம் வந்த ஊரில், எங்கள் இனத்தையும் மதத்தையும் பார்த்து வீடு தாருங்கள் என்று நாமே எழுதிக் கேட்பது எனக்கு ஒட்டவில்லை. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம் 2021 இல், வாங்குபவர்கள் இப்படித் தம்மைப் பற்றி உருகி எழுதும் கடிதங்களை முகவர்கள் விற்பவரிடம் கொடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2022 இல் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. தடுத்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் எதைக் கண்டு பயந்ததோ அது உண்மையான விஷயம்.

ஆகவே நான் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். ஒரே தளம் வேண்டும், வாசலில் படி குறைவாக இருக்க வேண்டும், இடித்துக் கட்டும் எண்ணம் இல்லை, எப்போது வீட்டை விட வசதியோ அந்தத் திகதிக்கு ஒத்துப்போவார்கள், வங்கி அனுமதி கையில் உண்டு. அப்புறம் தெளிவாக ஒரு வரி: நான் வாங்குபவரின் முகவர். ஏற்கனவே வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கானதல்ல என்ற வழக்கமான வரி கீழே. அடுத்தவர் வாடிக்கையாளரை இழுப்பது எங்கள் ஒழுக்க விதிகளுக்கு மாறானது.

பெயர் போடுவதா வேண்டாமா என்பது இன்னொரு தலையிடி. காணிப் பதிவேடு பொதுப் பதிவு. கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். ஆனால் முழுப் பெயரோடு கடிதம் போனால் வயதானவர்கள் பயப்படுகிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, கள்ள அடையாள அட்டை காட்டி வீட்டையே விற்ற கதைகள் 2023 தொடக்கத்தில் ரொறன்ரோச் செய்திகளில் அடிபட்டன. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெயர் இல்லாமல் "வீட்டு உரிமையாளருக்கு" என்று போட்டால் வாடகைக்கு இருப்பவர் உடைத்துப் பார்ப்பார். ஒருமுறை பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ் அம்மா அழைத்தார். "தம்பி, வீட்டை விக்கப்போகினமோ? எங்களை எழும்பச் சொல்லுவினமோ?" குரல் நடுங்கியது. வாங்குபவர் தானே குடியேறப் போகிறார் என்றால் 60 நாள் அறிவித்தல் கொடுத்து வாடகைக்காரரை எழுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதன்பின் பெயர் போட்டே எழுதுகிறேன், அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழைப்பவர்களில் பாதிப்பேர் விலை கேட்டுப் பார்ப்பவர்கள். சிலர் ஏச எடுப்பார்கள். மிஞ்சுபவர்களில்தான் உண்மையான விற்பனை இருக்கும், உண்மையான சிக்கலும் அங்கேதான்.

2024 தொடக்கத்தில் முப்பதுகளில் இருந்த ஒரு தம்பதிக்காக எழுதினேன். மனைவியின் அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. இருந்த டவுன்ஹவுஸில் சமையலறை ஒரு தளம், படுக்கை இன்னொரு தளம். ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கம் நகரில் வாங்கினால் மாகாணத்தின் காணி மாற்று வரி மட்டும்தான். தெற்கே, ரொறன்ரோ நகருக்குள் வாங்கினால் 2008 இலிருந்து நகரத்துக்கும் தனியாக ஒரு வரி. கணக்குப் பார்த்துவிட்டும் அவர்கள் தெற்கையே கேட்டார்கள், அம்மாவின் வைத்தியரும் பஸ்ஸும் அங்கே. லோரன்ஸ் வீதிக்குப் பக்கத்தில் 1950களில் கட்டிய ஒரே தளப் பங்களோ வீடுகள் உள்ள சில தெருக்களுக்கு மட்டும் கடிதம் போனது. அந்த வீடுகள் சந்தைக்கு வந்தால் கட்டடக்காரர் வாங்கி இடித்து இரண்டு தளமாக எழுப்பிவிடுகிறார்கள்.

அழைத்தவர் ஒரு வெள்ளைக்கார முதியவர். கோல்டன் மைல் பகுதியில் 1993 இல் மூடிய, வான் வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். "இதேமாதிரிக் கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் உண்மையான ஆளா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வாசல் படியை எண்ணினார். முதியவர் கூரை மாற்றிய ரசீதையும் ஹீற்றர் மாற்றிய ரசீதையும் எடுத்துப் பரப்பினார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அப்போது அவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நான் எவ்வளவு கேட்கலாம்?" என்றார்.

கடிதத்தில் வாங்குபவரின் முகவர் என்று எழுதியிருக்கிறேன். அவர் வாசித்தும் இருக்கிறார். ஆனாலும் வீடு தேடி வந்து, தேநீர் குடித்து, பணிவாகக் கதைத்தவன் தன்னுடைய ஆள் என்றுதான் மனிதர் நினைப்பார்கள். குளிர்காலத்துக்கு முன் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி மகள் நெருக்குகிறாள் என்று அவர் தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இதை எனக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் இவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்." அவசரத்தில் இருப்பவர் விலையை இறக்குவார் என்பது வாங்குபவருக்குப் பெரிய தகவல். அதை மறைத்தால் என் வாடிக்கையாளருக்குத் துரோகம்; கேட்டு வாங்கினால் அந்த மனிதருக்குத் துரோகம். 2023 டிசம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, முகவர் இல்லாமல் தானே நிற்கும் ஒருவருக்கு நான் ஆலோசனை சொல்லக்கூடாது. முகவர்களை ஒழுங்குபடுத்தும் சபையின் வழிகாட்டிக் கையேட்டைக் கொடுத்து, நான் யார் பக்கம் என்று விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். விளக்கினேன். மகளோடு கதையுங்கள், உங்களுக்கென்று ஒரு முகவரோ வழக்கறிஞரோ வையுங்கள் என்றும் சொன்னேன்.

காரில் ஏறியதும், வாங்க வந்த அம்மாவின் மருமகன் கேட்டார்: "அண்ணை, நீங்கள் ஆருக்கு வேலை செய்யிறியள்?"

நியாயமான கேள்வி. நானே இரண்டு பக்கமும் நின்றிருக்கலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் சட்டம் விடும், கொமிஷனும் இரட்டை. கூட்டிக் கேள் என்று ஒருவருக்கும் குறைத்துக் கொடு என்று மற்றவருக்கும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. மருமகனுக்கு வேறு விதமாகச் சொன்னேன். தனியாக இருக்கும் முதியவரிடம் குறைந்த விலைக்கு அவசரமாகக் கையெழுத்து வாங்கினால் பிறகு மகள் வழக்கறிஞரோடு வருவாள், வீடும் வராது, நிம்மதியும் வராது என்று.

மகள் ஒரு முகவரைப் பிடித்தாள். அவர் சொன்ன விலை நாங்கள் மனதில் வைத்திருந்ததைவிட நல்லாக அதிகம். இழுத்துப் பறித்து, சந்தைக்குப் போகாமலே வீடு கைமாறியது. என் கொமிஷனை விற்பவர் தரப்புக் கொடுத்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் ஒப்பந்தப்படி என் வாடிக்கையாளர்தான் கட்டியிருக்க வேண்டும். சந்தைக்கு வராத வீட்டில் இதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மருமகன் இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்த மேலதிகத் தொகையைச் சொல்லிக் காட்டுவார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவர் சொல்வதும் சரி.

இப்போது சந்தையில் வீடுகள் தாராளமாகக் கிடக்கின்றன. "எந்த வீடென்றாலும் பரவாயில்லை" என்பவருக்குக் கடிதம் தேவையில்லை, இணையத்தில் பார்த்தால் போதும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதைக் கேட்கவில்லை. கணினியைக் கொண்டு உருக்கமான கடிதம் ஒன்று செய்து, நூற்றுக்கணக்கில் அச்சடிக்கும் முன் என்னிடம் காட்டினார். தமிழும் ஆங்கிலமும் அழகாகத்தான் இருந்தன. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர் இனிமேல்தான் வர வேண்டும் என்றார்.