லேமினேஷனை உரித்த நாள்

என் பிறப்புச் சான்றிதழில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தது. 1988-இல் வாலாஜாபேட்டையில் பிறந்தேன். மறு வருடமே மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019-இல் அதுவும் மூன்றாகப் பிரிய, வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு நெதர்லாந்தில் வேலை. நான் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள நகராட்சியில் பதிய வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் அப்போஸ்டில் முத்திரையோடு (நம் ஊர்ச் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள நம் அரசு தரும் சான்று) வேண்டும் என்றார். ஜெராக்ஸில் நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைத்து, சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு நோட்டரி வக்கீலம்மாவிடம் போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "நான் போடுறது இது ஒரிஜினலைப் பார்த்து எடுத்த நகல்னுதாம்மா. அங்க கேக்கறது வேற. நகராட்சி கையெழுத்து உண்மைன்னு மாநில அரசு சொல்லணும், மாநில அரசு கையெழுத்து உண்மைன்னு மத்திய அரசு சொல்லணும். ஒருத்தர் கையெழுத்துக்கு அடுத்தவர் சாட்சி. உள்ள இருக்கிற பேரு சரியா தப்பான்னு யாரும் பாக்க மாட்டாங்க, அதை நீங்கதான் பாத்துக்கணும்."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பெரிய உதவி. வீட்டுக்கு வந்து எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல். மறுநாளே திரும்பப் போய், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் செய்தேன். வக்கீலம்மா தன் கண்ணெதிரில்தான் கையெழுத்துப் போட வைத்தார், தன் பதிவேட்டிலும் ஒன்று வாங்கிக்கொண்டார். நேரில் வராமலே முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

பெரிய பிரச்சினை பிறப்புச் சான்றிதழின் லேமினேஷன். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா பத்திரமாக இருக்கட்டும் என்று லாங் பஜாரில் கொடுத்துப் போட்டது. முத்திரைகள் தாளின் பின்பக்கம்தான் விழும், பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. பிளேடால் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். பிளாஸ்டிக்கோடு பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் உரிந்து வந்துவிட்டன. அங்கேயே நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது.

வாலாஜா நகராட்சிக்குப் போய், பிறந்த தேதியும் அப்பா அம்மா பெயரும் சொன்னேன். பழைய பதிவேட்டை எடுத்துத் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. புதுச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வருவதால், தனியாக மொழிபெயர்க்கும் செலவும் மிச்சம். கையால் எழுதிய பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். உரித்துப் பார்க்கவே வேண்டாம்.

திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியது, அதில் சிக்கல் இல்லை.

காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை போய், கோட்டையில் தலைமைச் செயலகத்தில் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கினேன். அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகம். அங்கே நாம் நேராகத் தாளை நீட்ட முடியாது, அமைச்சகம் நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய், நிறுவனத்தின் கட்டணம் தனி. வேலூரில் ஒரு ஏஜென்ட் இதற்கே 8,000 கேட்டிருந்தார். 2019 முதல் சென்னையிலேயே இது நடக்கிறது, டெல்லிக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் துபாய் போகிறாள். அப்போஸ்டிலை ஏற்றுக்கொள்ள நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் அவளுக்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தும் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு, நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது.

தாள்கள் கைக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தேன். சின்னச் சதுர ஸ்டிக்கர், வரிசை எண் போட்டுப் பத்து விவரங்கள். தலைப்பில் பிரெஞ்சில் 1961 அக்டோபர் 5 ஹேக் ஒப்பந்தம் என்று இருக்கிறது. இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது 2005-இல். அந்த ஹேக் நகரம் நான் போகவிருந்த நாட்டிலேயே இருக்கிறது. ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் பெட்டியில் வைத்தேன்.

அங்கே நகராட்சியில் இருந்த பெண் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினாள். ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, முன்பக்கம் வந்து, பிறந்த ஊரில் விரலை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்டாள். "வாலாஜாபேட்டை" என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தாள்.