மிக்-21க்கு வெள்ளிப் பூச்சு

1963இல் இந்திய விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்ற மிக்-21 போர் விமானத்தின் மாதிரியை 1/72 அளவில் ஒட்டி முடித்துவிட்டேன். 20 சென்டிமீட்டர் சொச்சம்தான் நீளம். மூக்குக் கூம்புக்குப் பின்னால் தூண்டில் ஈயக்குண்டு வைத்தாயிற்று. இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடும்.

உருமறைப்பு வண்ணங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆரம்பகால வெற்று அலுமினியத் தோற்றம்தான் அழகு. ஆனால் அது சின்னக் கீறலையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முதலில் பளபளப்புக் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த அப்புறம் ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) அலுமினிய நிறம், மெல்லிசாக, பல பூச்சு. சென்னைப் புழுக்கத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடுகிறது. மழை நாளில் ஏர்பிரஷைத் தொடவே மாட்டேன்.

காவி, வெள்ளை, பச்சை வட்டச் சின்னங்களை நாளை தண்ணீரில் ஊறவைத்து ஒட்ட வேண்டும். மின்விசிறியை அணைக்க வீட்டில் சம்மதம் வாங்கணும்.