பி12 எந்த வாசலில் மாட்டிக்கொண்டது?

ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள போரின் துளைகள் (புரதத்தாலான சிறு வழிகள்) சுமார் 600 டால்டன் எடையுள்ள மூலக்கூறு வரைதான் விடும். வைட்டமின் பி12 ஏறக்குறைய 1,355 டால்டன். அதனால் அதற்குத் தனி வாசல்: பிடியு-பி புரதம். வாசலைத் திறக்க வேண்டிய ஆற்றல் வெளிச்சவ்வில் கிடையாது. உட்சவ்வின் புரோட்டான் விசையை (சவ்வின் இருபுறமும் புரோட்டான் அளவு வேறுபடுவதால் வரும் ஆற்றலை) டான்-பி புரதம் எட்டிக் கொடுக்கிறது. நுழைந்ததை இரு சவ்வுகளுக்கும் நடுவே பிடியு-எஃப் புரதம் ஏந்தி, ஏடிபி என்னும் செல் எரிபொருளின் செலவில் ஓடும் உட்சவ்வுப் புரதங்களான பிடியு-சி, பிடியு-டி ஜோடியிடம் தருகிறது. அவை இரண்டின் மரபணுக்களுக்கும் நடுவே பிடியு-ஈ மரபணு உட்கார்ந்திருந்தாலும் கடத்தலுக்கு அது வேண்டியதில்லை. பெயரை நம்பாதீர்கள்.

இந்த வழியில் எந்தப் புரதம் கெட்டது என்று பார்க்க மெட்-ஈ மரபணு இல்லாத இனம் வேண்டும். மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைச் செய்ய அதற்கு மிச்சமிருப்பது மெட்-எச் நொதி ஒன்றுதான். அது பி12 இல்லாமல் ஓடாது. குளுக்கோஸ் 0.4% சேர்த்த எம்9 (உப்புகள் மட்டுமுள்ள எளிய ஊடகம்) தட்டுகள் மூன்று: ஒன்றில் மெத்தியோனின் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், அடுத்ததில் பி12 5 நானோமோலார், மூன்றாவதில் 5 மைக்ரோமோலார். நடுத்தட்டில் மட்டும் வளரவில்லையென்றால் கோளாறு பிடியு-பி-யிலோ டான்-பி-யிலோ. பிஎஃப்23 பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) இதைப் பிரித்துக் காட்டும்: அது ஒட்டுவது பிடியு-பி-யில், டான்-பி அதற்குத் தேவையில்லை. செல்கள் பேஜுக்குச் செத்தால் பிடியு-பி நலம், டான்-பி-யைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனையைப் பி12 கலந்த தட்டில் செய்யக் கூடாது. வைட்டமினும் பேஜும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். போதாக்குறைக்கு, பிடியு-பி-யின் ஆர்என்ஏ-வில் உள்ள ரைபோசுவிட்ச் (பி12-ஐ உணரும் ஆர்என்ஏ பகுதி), பி12 மிகுந்தால் புரத உற்பத்தியையே குறைத்துவிடும்.

உட்சவ்வுக் கோளாறு இவ்வளவு பளிச்சென்று தெரியாது. மெட்-எச் ஓட, ஒரு செல்லுக்கு இருபத்தைந்து மூலக்கூறு அளவே போதும், கசிவே சமாளித்துவிடும்.

பெரும்பாலான பொய் முடிவுகளுக்கும் காரணம் இதே சிக்கனம்தான். எல்பி என்னும் சத்து மிகுந்த குழம்பில் வளர்ந்த செல்கள் சேமித்த பி12-ஐ வைத்துக்கொண்டே பல தலைமுறை பிரியும். மெத்தியோனின் மட்டும் இட்ட எம்9-இல் ஓரிரவு வளர்த்து, இருமுறை கழுவிய பிறகே தட்டில் கோடிழுங்கள். கேசமினோ அமிலம் (பால் புரதத்தைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலக் கலவை) சேர்க்கவே கூடாது, அதில் மெத்தியோனின் உண்டு. கால்சியம் குறைந்தால் பிடியு-பி வைட்டமினைச் சரியாகப் பிடிக்காது, 0.1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து, ஊடகம் ஆறியதும் ஊற்றவும். சேர்த்துக் காய்ச்சினால் பாஸ்பேட்டோடு வெள்ளையாகப் படியும்.

பிடியு-பி-யை நீக்குகிறவர்கள் அதன் கடைசித் துண்டை விட்டுவைக்க வேண்டும். அடுத்துள்ள முர்-ஐ மரபணுவின் தொடக்கம் அதன் மேலேயே படிந்திருக்கிறது. முர்-ஐ போனால் செல்சுவருக்கான டி-குளூட்டமேட் கிடைக்காது, ஒரு காலனியும் தேறாது.